வெறுங்கலத்தின் நேர்கோடு

வெண்ணிறத் தூள் மஞ்சளாகி, மஞ்சள் பழுப்பாகி, பழுப்பு கருமையாகும் பாதையைக் கண்ணால் பாராமல் ஒளியால் பார்த்தவரே. காணமுடியாத அகச்சிவப்பைக் கையில் விளக்காகக் கொண்டு கரியின் கால்தடம் தேடிய கலைவல்லவரே. அவசரம் அவசரம் என்று ஆலையே வாசலில் வந்து நின்றாலும், வெறுங்கலம் ஓடி முடியும்வரை கதவு திறவாத கறார்க்காரரே. பதவி உயர்வு தேடி வந்தபோதெல்லாம் பக்கத்து நாற்காலிக்கு அதைக் கைகாட்டிவிட்டுப் பழைய இருக்கையிலேயே அமர்ந்துகொண்ட பற்றற்றவரே. எங்கள் அனைவருக்கும் வயது வேறுபாடின்றி அக்காவானவரே, கரி அக்கா, உங்களுக்கு எங்கள் அன்பு வணக்கம்.

இந்த அடைமொழிகள் தலைமை எழுத்தர் எழுதிக் கொடுத்தவற்றில் பாதிதான். மீதியைப் படித்தால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள் என்று பயந்து விட்டுவிட்டோம். இம்மடலை எழுதி வாசிக்கும் பொறுப்பைக் கிடங்குக் காப்பாளனாகிய என்னிடம் கொடுத்தார்கள். இத்தனை ஆண்டுகளில் உங்களோடு அதிகம் சண்டை போட்டவன் நான்தான் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். உங்கள் கருவியைக் குளிர்விக்கும் திரவ நைட்ரஜன் குடுவை அரை நாள் தாமதமானால் கிடங்குக்கு நேரில் வந்து, ஒன்றும் பேசாமல், என் மேசைக்கு எதிரே நின்றுகொண்டே இருப்பீர்களே, அந்த நிற்றலுக்குப் பதில் சொல்ல இன்றுதான் எனக்கு வாய்ப்புக் கிடைத்திருக்கிறது.

இம்மடலைக் கண்ணாடி போட்டுச் சட்டமிட்டுத் தரப்போகிறோம். சாதாரணக் கண்ணாடி அகச்சிவப்பை உள்ளே விடாது, உங்கள் கருவியின் கண்ணுக்கு அது கறுப்புச் சுவர் என்று நீங்கள் சொல்வது தெரியும். கருவியைக் கொண்டு படிக்க வேண்டாம், மூக்குக்கண்ணாடி போதும்.

உங்கள் உறவினரும் எங்கள் வீட்டாரும் இந்த அரங்கில் இருப்பதால், உங்கள் பணி இன்னதென்று எளிய சொற்களில் சொல்லிவிடுகிறேன். தவறு இருந்தால் பிறகு திருத்துங்கள், இப்போது எழுந்திருக்க வேண்டாம். கனத்த எண்ணெயைப் பிளந்து பெட்ரோலாக்க ஆலையில் ஒரு தூள் பயன்படுகிறது. ஜியோலைட் என்று பெயர். அதன் துகள் ஒவ்வொன்றிலும் கண்ணுக்கு எட்டாத நுண்துளைகள் உண்டு. துளைக்குள்ளே அமிலத்தன்மை கொண்ட இடங்கள் உண்டு. எண்ணெய் உடைவது அங்கேதான். உடையும்போது கொஞ்சம் கரி படியும். படியப் படியத் தூள் செயலிழக்கும். காற்றைச் செலுத்திக் கரியை எரித்துவிட்டால் தூள் மறுபடி வெளுத்து வேலைக்குத் திரும்பும். எவ்வளவு இழந்தது, எவ்வளவு திரும்பியது என்று கேட்டுச் சொல்பவர் நீங்கள். அந்தத் தூளை மெல்லிய வில்லையாக அழுத்தி, கலத்துக்குள் நிறுத்தி, சூடேற்றி, அதன் ஊடே அகச்சிவப்பை அனுப்பினால், அமில இடங்கள் ஒரு முகடாகத் தாளில் எழும். கரி வேறொரு முகடாக எழும். ஒன்று தாழ மற்றொன்று உயரும். தாழ்ந்தது எரித்தபின் எழுந்துவருகிறதா என்று பார்ப்பதிலேயே உங்கள் வாழ்நாளின் பாதி போயிற்று.

வில்லை என்றால் என்ன வில்லை! நகத்தைவிட மெல்லியது. அழுத்தி என்னும் கைப்பொறியிலிருந்து எடுக்கும்போது பக்கத்தில் யாரேனும் தும்மினால் போச்சு. நாங்கள் போட்டவை நொறுங்கும், நீங்கள் போட்டவை நிற்கும். கைராசி என்று நாங்கள் சொன்னோம். அவசரப்படாமல் இருந்தால் யார் கைக்கும் ராசி வரும் என்று நீங்கள் சொன்னீர்கள். அமிலத்தை அளக்க நீங்கள் பயன்படுத்திய பிரிடினின் நாற்றமோ, அழுகிய மீனை மருந்துக்கடைக்குள் பூட்டிவைத்தது போல அந்த அறையிலும் உங்கள் கைப்பையிலும் குடியிருந்தது. நெரிசலான பேருந்திலும் உங்கள் பக்கத்து இருக்கை காலியாக இருப்பதைப் பார்த்து, உங்களுக்குக் கிடைத்த மரியாதை என்றே நாங்கள் புதியவர்களிடம் சொல்லிவைத்தோம். சன்னல் இல்லாத அந்த அறையும், ஓயாமல் முனகும் ஈரமுறிஞ்சும் எந்திரமும், முதுகு சாய்ந்தால் கிறீச்சிடும் அந்த நாற்காலியும் உங்களைப் பற்றி எங்களைவிட அதிகம் பேசக்கூடியவை.

அறையின் சுவரில் உங்கள் கையெழுத்தில் விதிகள் ஒட்டியிருந்தன. முதல் விதி வெறுங்கலம். ஒவ்வொரு காலையும், வேறு எந்த வேலைக்கும் முன்னால், வில்லை இல்லாத வெற்றுக் கலத்தை ஒருமுறை ஓட்டி, அதை முந்தைய நாள் ஓட்டியதோடு வகுத்துப் பார்க்க வேண்டும். நேர்கோடு வந்தால் கலம் சுத்தம். கோட்டில் சின்ன மேடு தெரிந்தாலும், ஒளி நுழையும் கலத்தின் சாளரத்தில் நேற்றைய கரி ஒட்டியிருக்கிறது என்று பொருள். காற்றைப் படமெடுக்கும் அக்கா என்று உங்களை நாங்கள் கேலி செய்தோம். நீங்களோ, தன் முகத்தில் இருக்கும் அழுக்கை அடுத்தவன் முகத்தில் இருப்பதாகச் சொல்லக் கூடாது என்பதற்குத்தான் இந்த ஏற்பாடு என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தீர்கள்.

இரண்டாவது விதியை நாங்கள் எல்லோரும் பயத்தோடு நினைவில் வைத்திருக்கிறோம். கலத்தின் இரு பக்கச் சாளரங்களும் உப்பால் ஆனவை. ஈரம் பட்டால் அவை பனித்துவிடும். எனவே அவற்றின் மேல் குனிந்து மூச்சு விடலாகாது, பேசலாகாது, அழலாகாது. கடைசிச் சொல்லை நீங்கள் வேடிக்கைக்கு எழுதவில்லை. ஒருமுறை ஆய்வு மாணவி ஒருத்தி, முடிவு சரியாக வரவில்லை என்று உங்கள் மேசையருகே விசும்பத் தொடங்கியதும், நீங்கள் அவளுடைய தோளைத் தொட்டு, "அழணும்னா நல்லா அழு. ஆனா வெளியில போய் அழுதுட்டு வா. இங்க சாளரம் பனிச்சுப் போயிடும்" என்றீர்கள். அவள் அழுகையை மறந்து சிரித்துவிட்டாள். மறுநாள் அந்தச் சொல் விதிகளில் சேர்ந்தது.

மூன்றாவது விதியைப் பற்றிச் சொல்லாமல் இம்மடலை முடித்துவிடலாம் என்று விழாக் குழுவில் சிலர் சொன்னார்கள். விடைபெறும் நாளில் மனக்கசப்பு எதற்கு என்பது அவர்கள் எண்ணம். நியாயமானதுதான். ஆனாலும் அதை விட்டுவிட்டால் உங்களைப் பற்றி நாங்கள் சொல்வது எல்லாம் சட்டத்துக்குள் போடும் பூவேலையாகவே நின்றுவிடும். எனவே சொல்வதென்று முடிவு செய்து, சம்பந்தப்பட்ட இன்னொருவரிடம் சம்மதம் கேட்டேன். "எழுதுங்க. அக்கா கேட்கட்டும்" என்றார். உங்களிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள்.

அந்த இன்னொருவர், வேறு யார், உங்கள் உடன்பிறந்த தம்பிதான். எங்கள் சோதனை ஆலையின் பொறுப்பாளர். நாங்கள் அவரை உலைக்காரர் என்போம். அக்கா கரி, தம்பி உலை, இந்தக் குடும்பம் இல்லாவிட்டால் இந்த நிறுவனத்துக்குப் புகைபோக்கியே தேவையில்லை என்று உணவகத்தில் பேசிச் சிரித்த காலம் ஒன்று இருந்தது. மதிய உணவுக்கு இருவரும் ஒரே மேசையில் அமர்ந்து, ஒருவர் டப்பாவிலிருந்து மற்றவர் கேட்காமலே எடுத்துக்கொள்வீர்கள். அவர் பல ஆண்டுகள் உழைத்துப் புதிய தூள் ஒன்றை உருவாக்கினார். எத்தனை முறை கரி படிந்தாலும் எரித்ததும் முழு உயிரோடு திரும்பும் தூள் என்பது அவர் நம்பிக்கை. அதைப் பெரிய ஆலைக்கு எடுத்துச்செல்ல வெளியிலிருந்து வல்லுநர் குழு வரும் நாள் குறிக்கப்பட்டது.

அந்த வாரத்தில் உங்கள் அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை. மருத்துவமனையில் துணைக்கு இருக்க வேண்டிய முறை தம்பியுடையது. "நீ வேலையைப் பாரு. அம்மாவை நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லி அந்த முறையை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். நீங்கள் அறையில் இல்லாததால் தம்பியின் குழுவே அவசர அவசரமாக நிறமாலைப் படங்களை எடுத்தது. கரி படியும் முன்பு ஒன்று, எரித்த பின்பு ஒன்று. இரண்டாவதில் அமில முகடு முதலாவதன் உயரத்துக்கு அப்படியே எழுந்து நின்றது. ஆலை முழுவதும் இனிப்புக் கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று வந்தது.

கூட்டத்தன்று நீங்கள் மருத்துவமனையிலிருந்து நேரே வந்து, மருந்துப்பையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் அமர்ந்தீர்கள். தம்பியின் வெற்றியைப் பார்க்கத்தான் வந்தீர்கள். திரையில் இரு முகடுகளும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிந்தன. அரங்கில் இருந்தவர்கள் உயரத்தைப் பார்த்தார்கள். நீங்கள் இடத்தைப் பார்த்தீர்கள். ஒரு முகடு மற்றதிலிருந்து மயிரிழை தள்ளி நின்றது.

"முதல் படம் எந்தச் சூட்டுல எடுத்தது?" என்று கேட்டீர்கள்.

"உலைச் சூட்டுலதான்க்கா," என்றார் தம்பி. அப்போதும் அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

"ரெண்டாவது?"

அவர் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற உதவியாளர் சொன்னார்: "ராத்திரி ஆறவிட்டு, காலையில எடுத்தோம் மேடம்."

"அப்ப ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வெக்கக் கூடாது. சூட்டுல முகடு குட்டையாத் தெரியும், கொஞ்சம் நகர்ந்தும் போகும். ஆறினா தானா உசரும். தூள் பொழைச்சிருக்கா இல்லையான்னு இந்தப் படத்தை வெச்சுச் சொல்ல முடியாது."

அவ்வளவுதான் நீங்கள் பேசியது. குரலை உயர்த்தவுமில்லை. ஒப்புதல் கையெழுத்துக்காகத் திறந்த பேனாக்கள் மூடப்பட்டன. அடுத்த வாரம் நீங்களே சூட்டோடு சூட்டை ஒப்பிட்டு மீண்டும் ஓட்டினீர்கள். முகடு பாதியளவுக்குச் சற்று மேலே வந்து நின்றுவிட்டது. மறுமுறை எரித்தபோது அதைவிடக் குறைவு. ஒவ்வொரு எரிப்பிலும் தூள் வெளுத்தது, ஆனால் ஒவ்வொரு முறையும் முகடு இன்னும் குட்டையாகத்தான் திரும்பியது. திட்டம் கைவிடப்பட்டது. உங்கள் தம்பி அடுத்த பதவிக்குப் போக வேண்டியவர், அதே ஆலையில் அடுத்தவர்கள் செய்த தூள்களை ஓட்டிக்கொண்டு தங்கிவிட்டார்.

அந்தக் கூட்டம் முடிந்து நீங்கள் இருவரும் நடைக்கூடத்தில் நின்றபோது, நான் வாயு உருளை ஒன்றை உருட்டிக்கொண்டு அந்த வழியே வந்தேன். ஒட்டுக்கேட்கவில்லை, உருளையை நடுவழியில் விட்டுவிட்டு ஓட முடியாது.

"கூட்டம் முடிஞ்சப்புறம் சொல்லியிருக்கலாமேக்கா," என்றார் அவர்.

"முடிஞ்சிருந்தா கையெழுத்து ஆயிருக்கும்டா," என்றீர்கள் நீங்கள்.

இரண்டுமே உண்மை. அதனால்தான் அதற்குப் பிறகு பேச ஒன்றும் இல்லாமல் போயிற்று. ஒருவர் பக்கம் தப்பு இருந்திருந்தால் மற்றவர் மன்னித்திருப்பார், விஷயம் ஒரு மாதத்தில் தீர்ந்திருக்கும். இங்கே மன்னிக்கவும் வழியில்லை. மறுநாள் காலை சுவரில் மூன்றாவது விதி ஏறியது. மற்ற விதிகளைவிடப் பெரிய எழுத்தில்: சூடானதைச் சூடானதோடு, ஆறியதை ஆறியதோடு. இதை முன்பே எழுதி ஒட்டியிருக்கலாம் என்று நீங்கள் என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னீர்கள். குடுவைக்கு ரசீது கிழித்துக்கொண்டிருந்த நான் ரசீதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன்பின் ஆலைக்கும் அறைக்கும் இடையே மாதிரிப் புட்டிகள் மட்டும் போய்வந்தன. 'அனுப்பப்படுகிறது' என்று அங்கிருந்து ஒரு சீட்டு, 'பெறப்பட்டது' என்று இங்கிருந்து ஒரு சீட்டு. உணவகத்தில் அந்த மேசையில் வேறு யாரோ அமர்ந்தார்கள். நீங்கள் அறையிலேயே சாப்பிட்டீர்கள், பிரிடின் மணத்தோடு.

உங்கள் அம்மாவை நாங்கள் யாரும் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் அவர் குரல் எனக்குப் பழக்கம். வேலை நடுவில் நீங்கள் தொலைபேசியை எடுக்கமாட்டீர்கள், ஆலை இரைச்சலில் தம்பிக்குக் கேட்காது, ஆகவே அவர் கிடங்குக்குத்தான் அழைப்பார். "தம்பி, ரெண்டு பேர்ல யாரு சாப்பிட்டாங்க, யாரு சாப்பிடலை?" என்று தொடங்குவார். நான் இருவரும் சாப்பிட்டார்கள் என்று சொல்வேன். ஒருநாள் கேட்டார்: "ரெண்டு பேரும் ஒரே கேட்டுலதானே உள்ள போறாங்க? என்னைப் பார்க்க மட்டும் ஏன் ஆளுக்கொரு நாள் வர்றாங்க?" வேலை அப்படி அம்மா, ஷிப்டு மாறி மாறி வருகிறது என்றேன். உங்கள் அறைக்கு ஷிப்டு கிடையாது என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. "சரிப்பா" என்று வைத்துவிட்டார்.

சென்ற மழைக்காலத்தில் அவர் மறைந்த செய்தியும் கிடங்குக்குத்தான் வந்தது. அருகில் இருந்தது உங்கள் அறை என்பதால் முதலில் உங்களிடம் வந்தேன். உங்கள் கையில் ஒரு சாளரம் இருந்தது, பட்டுத்துணியால் மெருகேற்றிக்கொண்டிருந்தீர்கள். நான் சொன்னதைக் கேட்டீர்கள். சாளரத்தை ஈரம் புகாத உலர்ஜாடிக்குள் வைத்தீர்கள். மூடியைத் திருகி இறுக்கினீர்கள். விளக்கை அணைத்தீர்கள். நடைக்கூடத்துக்கு வந்து, கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட்டு, சுவரில் சாய்ந்து அழுதீர்கள்.

ஆலைக்கு யாரோ அதற்குள் சொல்லிவிட்டிருந்தார்கள். நடைக்கூடத்தின் மறுகோடியில் உங்கள் தம்பி தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் இந்தப் பக்கம் வரவில்லை. நீங்கள் கூப்பிடவில்லை. நடுவில் நான் நின்றேன். இருவருக்கும் தனித்தனி வண்டி ஏற்பாடு செய்தது கிடங்குதான். இத்தனை ஆண்டுகளில் நான் செய்த வேலைகளில் மனது ஒப்பாமல் செய்தது அது ஒன்றுதான்.

அக்கா, இந்த விழாவில் நாங்கள் மகிழ்ச்சியைவிட வருத்தத்தையே அதிகம் சுமந்து அமர்ந்திருக்கிறோம். பெரிய ஆலையொன்று, பாதி உயிருள்ள தூளை நம்பி நின்றுபோகாமல், இன்றும் ஓடுகிறது. அங்கே வேலை செய்யும் ஒருவருக்கும் உங்கள் பெயர் தெரியாது. தெரிய வேண்டிய நிலைமை வராமல் பார்த்துக்கொண்டதுதான் உங்கள் சாதனை. அதற்கு நீங்கள் கொடுத்த விலை எங்கள் எல்லோருக்கும் தெரியும், நாங்கள் அதைப் பற்றி ஒருநாளும் வாய்திறக்கவில்லை. மரியாதை என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்தோம். அது மரியாதைதானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

போதாக்குறைக்கு இரண்டு மாதம் முன்பு அந்தச் சுற்றறிக்கை வந்தது. உங்கள் பணி ஓய்வோடு அகச்சிவப்பு அறை மூடப்படும், மாதிரிகள் இனி வெளி ஆய்வகத்துக்கு அனுப்பப்படும் என்று. காரணம், நடத்த ஆள் இல்லை. உங்களிடம் பயின்ற இருவரும் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டார்கள், போகச்சொல்லிப் பரிந்துரை எழுதியதும் நீங்களே. அறிவிப்புப் பலகையில் அதை நின்று படித்துவிட்டு, அருகில் இருந்த எங்களிடம், "உலர்ஜாடியை மட்டும் யாராவது வாரத்துக்கு ஒரு தடவை பார்த்துக்குங்க. உப்பு ஊறிடும்" என்றீர்கள். அன்று முழுவதும் நீங்கள் கதவைத் திறக்கவில்லை. உள்ளே ஈரமுறிஞ்சும் எந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

இனிச் சொல்லப்போவது உங்களுக்குத் தெரியாதது.

மீதமிருந்த விடுப்பை எடுத்துக்கொண்டு சென்ற வாரம் நீங்கள் வீட்டில் இருந்தீர்கள். முதல் நாள் காலை கிடங்கு திறந்ததும் உங்கள் தம்பி வந்து என் மேசைக்கு எதிரே நின்றார். ஒன்றும் பேசாமல், நின்றுகொண்டே இருந்தார். அந்த நிற்றலை நான் எங்கோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. கடைசியில், "அக்கா ரூம் சாவி ஒண்ணு உங்ககிட்ட இருக்குல்ல?" என்றார். கொடுத்தேன். உடன் போனேன், ஏனென்றால் சாவி என் பொறுப்பு.

அவர் சுவரில் இருந்த விதிகளை நின்று படித்தார். மூன்றாவதை நெடுநேரம் படித்தார். பிறகு நாற்காலியில் அமர்ந்தார், அது கிறீச்சிட்டது, உடனே எழுந்துவிட்டார். முதல் நாள் அவர் போட்ட வில்லை ஒன்றுகூட முழுசாக வெளியே வரவில்லை. ஆலையில் மூட்டை மூட்டையாகத் தூள் கொட்டிப் பழகிய கை அது. மறுநாளும் வந்தார். மூன்றாம் நாள் ஒரு வில்லை ஓரம் உடையாமல் நின்றது. அதை எடுத்துக் கலத்தில் வைக்கப் போனவர் சட்டென்று நிறுத்தி, "வெறுங்கலம் ஓட்டலையே" என்று தானே சொல்லிக்கொண்டு, வில்லையைத் தட்டில் வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

விடுப்பு முடிந்து திரும்பிய அன்றே நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள், யாரென்று தெரியாமல். கிடங்குக்கு வந்து, "யாரோ என் அழுத்தியைத் தொட்டிருக்காங்க. குப்பைக்கூடையில உடைஞ்ச வில்லை கெடக்கு" என்றீர்கள். எலியாக இருக்கும் என்றேன். "எலி வில்லை போடுமா?" என்றீர்கள். போடும் போல என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனீர்கள். அந்த எலி இப்போது மூன்றாம் வரிசையில் சுவரோரம் அமர்ந்திருக்கிறது.

அவர் இயக்குநரைப் பார்த்து, ஆலைப் பொறுப்பை விட்டுவிட்டு அந்த அறைக்கு வர விருப்பம் தெரிவித்தார். பொறுப்பாளர் பதவியும் அதன் படிகளும் போகும் என்று இயக்குநர் எடுத்துச்சொன்னார். "போகட்டும் சார். என் வேலையைக் கெடுத்த ரூமுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. அந்த ரூம் இல்லைன்னா நான் ஒரு ஆலையையே கெடுத்திருப்பேன்" என்றாராம். இயக்குநரே இதை என்னிடம் சொன்னார், இங்கே சொல்லலாம் என்றும் சொன்னார். நேற்று மாலை சுற்றறிக்கை திரும்பப் பெறப்பட்டது. அறை மூடப்படவில்லை, அக்கா.

இதையெல்லாம் அக்காவிடம் நேரே போய்ச் சொல்லக்கூடாதா என்று நான் அவரைக் கேட்டேன். "அம்மா போன அன்னைக்கு அந்த நடையைக் கடந்து போயிருக்கணும். போகலை. இப்ப வெறுங்கையோட போய் என்ன சொல்றது?" என்றார். பிறகு, "எரிச்சு எடுத்தாலும் முழுசாத் திரும்பாதுன்னு அக்காதான் காட்டினா. பரவாயில்லை. திரும்பற அளவுக்குத் திரும்பட்டும்" என்றார். பாராட்டு மடலுக்கு ஏற்ற செந்தமிழாக அதை மாற்றி எழுத முயன்றேன். முடியவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

விடைபெறுவோருக்கு இங்கே வழக்கமாகச் சுவர்க்கடிகாரம் தருவோம். உங்களுக்கு அது வேண்டாமென்று முடிவு செய்தோம். இம்மடலோடு அதே சட்டத்துக்குள் இன்னொரு தாளும் இருக்கிறது. பார்ப்பவர்களுக்கு அதில் ஒன்றுமே தெரியாது. இடமிருந்து வலமாக ஒரு கோடு, அவ்வளவுதான். இன்று காலை, நீங்கள் வருவதற்கு முன்பு, உங்கள் அறையில் உங்கள் தம்பி ஓட்டிய வெறுங்கலம் அது, நேற்று நீங்கள் கடைசியாக ஓட்டிய வெறுங்கலத்தோடு வகுக்கப்பட்டது. சூடானதைச் சூடானதோடா, ஆறியதை ஆறியதோடா என்று நீங்கள் கேட்பீர்கள். இரண்டும் ஆறியவை. நான் கேட்டுவிட்டேன். கோட்டில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. நேர்கோடு.

பணியில் பிழையறியாப் பெருந்தகையே, உங்கள் நாட்கள் இனி அவசரம் அறியாதவையாக அமையட்டும். உங்கள் கண்கள் நுண்ணியதை விட்டு விரிந்ததைப் பார்த்து ஓயட்டும். பேருந்தில் உங்கள் பக்கத்து இருக்கை இனியேனும் நிறையட்டும். உடல் நலத்தோடும் உள்ளத் தெளிவோடும், உங்கள் தலைமுறையும் அடுத்த தலைமுறையும் சூழ, நெடுங்காலம் நீங்கள் நிறைந்து வாழ வேண்டும். எப்போதாவது இந்தப் பக்கம் வந்தால் கதவைத் தட்டுங்கள். உள்ளே வெறுங்கலம் ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் கொஞ்சம் வெளியே காத்திருக்க வேண்டியிருக்கும்.

ஒரே ஒரு செய்தி பாக்கி. இந்த விழாவுக்கு வரும் முன்பு, அறையின் உப்புச் சாளரங்கள் எல்லாம் உலர்ஜாடிக்குள் வைக்கப்பட்டு, மூடி திருகி இறுக்கப்பட்டுவிட்டன. கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை தள்ளிப் பார்த்தாயிற்று. பார்த்தவர் உங்கள் தம்பி. இங்கே பனித்துப்போக எதுவும் இல்லை. இனி அழலாம், அக்கா.

இங்ஙனம்,
உங்கள் பிரிவை விரும்பாத
ஆய்வகம், சோதனை ஆலை, அலுவலகம், கிடங்கு ஆகியவற்றின் ஊழியர்கள்;
அவர்களோடு, அகச்சிவப்பு அறையின் புதிய பொறுப்பாளராக அல்ல, வெறும் தம்பியாக,
தம்பி.